நான்காம் படியில் இரண்டு சான்றிதழ்கள்

திவ்யா,

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேன்டீனில் தட்டோடு உட்காரப் போகும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தேனிக்காரர் எதிரே வந்து உட்கார்ந்தார். "சார், திங்கக்கெழம பேட்ச்ல ஒங்க பொண்ணும் வருதாம்ல? சொல்லவே இல்லையே" என்றார். நான் சாம்பாரை ஊற்றிக்கொண்டே "ஆமாம்" என்றேன். எனக்கே அந்த நிமிஷம்தான் தெரியும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "லெவல் அஞ்சு ப்ரோக்ராம், மூணு வருசம். அப்பா பாடம் எடுக்க, மக உக்காந்து கேக்க, நல்லாத்தான் சார் இருக்கும்" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டேன்.

ஒரகடத்தில் அறை எடுத்துப் போனதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், அவளும் பாதியைத்தான் என்னிடம் சொல்கிறாள். அதனால்தான் இதை இணையத்தில், எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன் அறையில் இருக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி போனை நீட்டி, "இன்னாடி, உங்கப்பா எழுதிகீறாரு பாரு" என்று காட்டுவாள். அவளும் படிக்கட்டும். அவள் வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும். நான் வேலை செய்யும் கம்பெனியின் பெயரை எழுதவில்லை, எழுதும் தைரியம் எனக்கு இல்லை. மற்றபடி எதையும் மறைக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நீ செய்யவேண்டியது இரண்டில் ஒன்று. எங்கள் கம்பெனியில் மூன்று வருஷப் பயிற்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். இல்லையென்றால், நீ பாதியில் விட்டுவந்த பெண்கள் ஐ.டி.ஐ.யில் மறுபடி முதல் வருஷம் சேரலாம். அங்கே நேரடிச் சேர்க்கை அன்றோடு முடிகிறது, விசாரித்துவிட்டேன். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. பத்தாவது முடித்துவிட்டு வந்த பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். "அதுங்க என்னை அக்கான்னு கூப்பிடும்பா" என்று நீ சொல்வது எனக்கு இங்கேயே கேட்கிறது. கூப்பிடட்டும்.

என் பயிற்சி அறையின் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. எட்டுப் படிகள் உள்ள ஏணி. தொழில் படிப்புகளையெல்லாம் மத்திய அரசு அந்தப் படிகளில் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. கீழ்ப்படியில் சொன்னதைச் செய்கிற உதவியாள். நாலாம் படியில் ஐ.டி.ஐ., ஐந்தாம் படியில் பாலிடெக்னிக் டிப்ளமோ, அதற்கு மேலே பட்டம், அதற்கும் மேலே இன்னும். நடுவில் நாலரை, ஐந்தரை என்று அரைப்படிகளும் உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் புது பேட்ச் வரும்போது நான் ஒரு குச்சியால் அந்தப் படிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறேன். எம்.எஸ்சி., எம்.பில். இயற்பியல் படித்தவனுக்கு இப்போது கிடைத்திருக்கும் ஆராய்ச்சி அதுதான். நான் பேசவேண்டியதைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. படி ஏற ஏற வாழ்க்கை ஏறும் என்று அதில் இருக்கிறது. படி என்பது நீ செய்யும் வேலை எவ்வளவு கடினம், அதில் உனக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை மட்டும்தான் சொல்லும் என்று அதில் இல்லை. எத்தனை நாள் படித்தாய், எத்தனை பாடம் படித்தாய், சான்றிதழைத் தந்தது யார், அதை எடுத்துக்கொண்டு அடுத்து எந்த வாசலில் நிற்கலாம், இவற்றில் எதையும் அந்த எண் சொல்லாது. சில மாதம் படித்ததற்கும் நாலு என்று போடலாம், இரண்டு வருஷம் படித்ததற்கும் நாலு என்று போடலாம். இரண்டிலும் பொய் இல்லை.

படப்பையில் நம் தெருவைப் பார்த்திருக்கிறாய். சில வீடுகளில் தளம் போட்ட பிறகும் தூண்களின் கம்பியை மேலே நீட்டி விட்டுவைத்திருப்பார்கள். கையில் பணம் வந்ததும் மாடி எடுக்க. சில வீடுகளில் கம்பியை வெட்டி, மேலே பூசி, வெள்ளையடித்து முடித்திருப்பார்கள். தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். சொல்லப்போனால் பூசி முடித்த வீடுதான் பார்க்க லட்சணமாக இருக்கும்.

இந்த வித்தியாசம் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். உன் சித்தப்பா புது வீடு கட்டிக் குடிபோன அன்று. என் கூடப் பிறந்தவன்தான், எட்டாவதோடு நின்றவன். இந்த வட்டாரக் கம்பெனிகளுக்கு வேனில் பெண்களை ஏற்றி அனுப்பும் மேன்பவர் கன்சல்டன்சி வைத்திருக்கிறான். நீ அப்போது ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் இரண்டாவது வருஷத்தில் காலடி வைத்திருந்தாய். பந்தியில் எனக்கும் உனக்கும் நடுவே வந்து நின்றுகொண்டு அவனே பாயசம் ஊற்றினான். "இன்னும் ஒரு வருசம் அங்க போயி இன்னா பண்ணப் போற? நம்மகிட்ட ஒரு கோர்ஸ் கீது. கொஞ்ச மாசம். ஸ்டைபண்டு உண்டு, ஹாஸ்டல் உண்டு, வேன் உண்டு. முடிச்சா லெவல் நாலு. உன் ஐ.டி.ஐ. இன்னா லெவல்? அதுவும் நாலு. கேட்டுப் பாரு உங்கப்பாவை, படிச்ச மனுசன் பக்கத்துலயே குந்திகினு கீறாரு" என்றான். நீ என் பக்கம் திரும்பி, "ஆமாவாப்பா?" என்றாய். நான் "எண் ஒண்ணுதான், ஆனா" என்று ஆரம்பித்தேன். "ஆனா"வுக்குப் பிறகு நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான். நீ உன் தோழிகளுக்குப் போன் செய்ய எழுந்துவிட்டாய்.

நான் இன்னும் கத்தியிருக்கலாம் என்று அம்மா சொல்கிறாள். கத்தியிருக்கலாம்தான். ஆனால் நீ ஐ.டி.ஐ.யில் சேர்ந்ததே எனக்குப் பிடிக்கவில்லை என்பது உனக்கும் தெரியும். சொந்தக்காரர்கள் கேட்டால் "படிக்கிறாள்" என்பேன், எங்கே என்று சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவன் அன்றைக்கு எந்த முகத்தோடு ஐ.டி.ஐ.க்காகச் சண்டை போடுவான்? அதையும் கணக்குப் போட்டுத்தான் அவன் என்னைச் சாட்சிக்கு இழுத்தான். அதை நான் மறக்கப்போவதில்லை.

கோர்ஸை முடித்தாய், சான்றிதழ் வாங்கினாய், போன் பாகம் மாட்டும் லைனில் நின்றாய். நீ நன்றாக வேலை செய்தாய் என்று எல்லோரும் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு உனக்கே லைன் அலுத்து, பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தாய். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அந்த வழி உண்டு. நானும் லீவு போட்டுவிட்டு உன்னோடு வந்தேன். கவுன்டரில் இருந்த பெண் உன் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்.டி.சி. எங்கம்மா?" என்று கேட்டாள். இரண்டு வருஷம் ஐ.டி.ஐ. முடித்து அகில இந்தியத் தேர்வு எழுதியவர்களுக்குக் கொடுக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் அது. "மேடம், இதுவும் லெவல் நாலுதான், பாருங்க, போட்டிருக்கு" என்று நீ விரல் வைத்துக் காட்டினாய். அவள் சிரிக்கவில்லை. "போட்டிருக்கும்மா. நான் பாக்கறது நாலு இல்ல. யாரு குடுத்தது, எத்தினி வருசம் படிச்சது, அதான் பாப்பேன். தள்ளு, அடுத்த ஆளு" என்றாள்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாய். செம்பரம்பாக்கம் ஏரி தெரிந்தபோது, சும்மா இருக்கமுடியாமல், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன். நீ திரும்பி, பஸ்ஸில் பாதிப் பேருக்குக் கேட்கும்படி, "நீ எம்.பில். படிச்சியே, அது எந்த லெவலு? அத்த வெச்சிகினு நீ இன்னாப்பா கிழிச்ச? சித்தப்பா வூடு ரெண்டு மாடி. நம்ம வூடு ஒழுவுது" என்றாய். முன் சீட்டில் ஒருவர் சிரித்தார். அடுத்த வாரம் நீ அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாய்.

நான் என்ன கிழித்தேன் என்பதை இப்போது சொல்கிறேன். ஒரகடம் போகும் இதே ரோட்டில் இருந்த ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் இயற்பியல் நடத்தினேன். ஆரம்பத்தில் வகுப்பு நிரம்பி, பின்னால் நின்றுகொண்டு கேட்பார்கள். பிறகு வருஷா வருஷம் ஆள் குறைந்தது. கடைசியில் வருகைப் பதிவு எடுக்கப் பெயரைக் கூப்பிட்டால் பதில் வராது. ஒரு பெயர், மௌனம். அடுத்த பெயர், மௌனம். பெயரை மட்டும் பட்டியலில் வைத்திருக்கும்படி மேலே இருந்து உத்தரவு. அந்த மௌனம் ஒவ்வொன்றும் என்னை அவமானப்படுத்தியது. காலேஜை மூடியபோது முதலாளி வேறு தொழிலுக்குப் போய்விட்டார், கட்டடம் குடோன் ஆனது, சம்பள பாக்கி என்று வாயைத் திறந்தவர்களுக்கு அனுபவச் சான்றிதழ்கூடத் தரவில்லை. நான் படித்ததில் தப்பு இல்லை. என்னை வைத்து வியாபாரம் செய்தவர்கள் யாரும் நஷ்டப்படவில்லை, அவ்வளவுதான். உன் அனுபவமும் அதேதான் என்பதால்தான் எனக்கு உன்மேல் கோபம் நிலைக்கவில்லை.

பாலிடெக்னிக் கதவு மூடியதும் நான் வேறு கதவு தேடினேன், அது உனக்குத் தெரியாது. ஐ.டி.ஐ. தேர்வைத் தனித்தேர்வராக எழுத ஒரு வழி இருக்கிறது. தொழிலில் சில வருஷம் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். உன் பழைய கம்பெனியின் ஹெச்.ஆருக்குப் போன் போட்டு, நீ லைனில் நின்ற காலத்துக்கு அனுபவச் சான்றிதழ் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், அவங்க எம்ப்ளாயி இல்லையே, டிரெய்னிதானே. டிரெய்னிக்கு எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர மாட்டோம். டிரெய்னிங் சர்ட்டிபிகேட் குடுத்திருக்கோமே" என்றாள். அந்த டிரெய்னிங் சர்ட்டிபிகேட்டைத்தான் பாலிடெக்னிக்கில் தள்ளிவிட்டார்கள். வேலை என்று போனால் நீ மாணவி, படிப்பு என்று போனால் நீ வேலைக்காரி. போனை வைத்துவிட்டு, ஏணிப் படத்தைக் கீழிருந்து மேலே ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். அதில் நீ நிற்கிற இடத்துக்குப் படியே இல்லை.

இப்போது உனக்குக் கொடுக்கப்போகும் லெவல் ஐந்தைப் பற்றிக் கேள். எல்லாக் கம்பெனிப் பயிற்சியும் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். முறைப்படி பதிவு செய்த அப்ரன்டிஸ் பயிற்சி உண்டு, அதன் முடிவில் தேர்வு எழுதித் தேசியச் சான்றிதழ் வாங்கலாம், அதற்கு மதிப்பும் உண்டு. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தும் ஒழுங்கான படிப்புகளும் உண்டு. எங்கள் ஒப்பந்தத்தை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன், படிப்பது மட்டும்தானே எனக்குத் தெரிந்த வேலை. இது பாலிடெக்னிக் டிப்ளமோவுக்குச் சமம் என்று அதில் எங்கேயும் இல்லை. ஐந்தாம் படி என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்து இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் சேரமுடியுமா என்று யாராவது கேட்டால், "அந்தந்தக் கல்லூரியின் விதிமுறைக்கு உட்பட்டது" என்று சொல்லும்படி எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை ஒரு பெண்ணும் கேட்டதில்லை. கேட்டால் நான் அந்த வரியைத்தான் சொல்வேன். நீ முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் என்னோடு கம்பெனி ஆள் இன்னொருத்தர் உட்கார்ந்து நான் பேசுவதைக் கவனிப்பார். இந்த வயதில் எனக்கு வேறு இடம் கிடைக்காது. அங்கே சொல்லமுடியாததால்தான் இங்கே சொல்கிறேன்.

ஐ.டி.ஐ. சான்றிதழ் சொர்க்கம் அல்ல. அதை வைத்துக்கொண்டும் லைனில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதில் கம்பியை வெட்டவில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் போகலாம், அங்கிருந்து இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் போகலாம். பிளஸ் டூவின் தமிழும் இங்கிலீஷும் மட்டும் தனியாக எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் வழியும் நம் மாநிலத்தில் உண்டு. நீ சேரும்போது இதையெல்லாம் அங்கேயே மறுபடி கேட்டு உறுதி செய்துகொள். நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதே. இனிமேல் யார் எந்தப் படியைக் காட்டினாலும், "இதை யார் தர்றாங்க, இதை வெச்சி அடுத்து எங்க சேந்துக்குவாங்க" என்று கேள். பதில் சுற்றி வளைத்து வந்தால் எழுந்து வா.

சேர்வதற்கு உன் அசல் மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் வேண்டும். இரண்டும் சித்தப்பாவிடம் இருந்தன. நடுவில் ஓடிப்போகாமல் இருக்க அவன் எல்லாப் பெண்களிடமும் வாங்கி வைத்துக்கொள்கிறான், நீயும் சிரித்துக்கொண்டே கொடுத்தாய். அந்தக் குடிபுகுதலுக்குப் பிறகு நான் அவன் வாசலை மிதித்ததில்லை. இன்று காலை போனேன்.

"வாண்ணா. வழி தெரிஞ்சுதா?" என்றான்.

"திவ்யாவோட ஒரிஜினல் வேணும்."

"குந்துண்ணா மொதல்ல." உள்ளே திரும்பி, "அண்ணனுக்கு டீ போடு" என்றான்.

"டீ வேணாம்."

"டீ வேணாம்னா ஒரிஜினலும் வேணாமா?" என்று சிரித்தான். உட்கார்ந்தேன். "திங்கக்கெழம உன் கம்பெனிக்குத்தான அனுப்பறேன்? கூடவே வெச்சிப் பாத்துக்கோ. இன்னா கொறச்சல்?"

"அடுத்தவங்க ஒரிஜினல வெச்சிக்கிறது தப்புடா."

"வாத்தியாருக்கு எல்லாமே தப்பு. நான் எட்டாவது. நான் வேலை வாங்கிக் குடுத்த பொண்ணுங்கள நிக்க வெச்சா இங்கேர்ந்து மெயின் ரோடு வரைக்கும் நிக்கும். நீ பாடம் எடுத்து எத்தினி பேருக்கு வாங்கிக் குடுத்த?"

டீ வந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவன் பீரோவைத் திறந்தான்.

கவரை நீட்டும்போது, "அவ ஐ.டி.ஐ.க்குத் திரும்பப் போறாளா?" என்றான்.

"தெரியாது."

"தெரியாமயா இங்க வந்து குந்திகினு கீற?"

"அவ பேப்பர் அவ கையில இருக்கட்டும்."

"போனா திரும்பி என்கிட்ட வராதன்னு சொல்லு" என்றான். பிறகு, நான் செருப்பு மாட்டும்போது, "பாத்துப் போண்ணா, வண்டிங்க தாறுமாறா வருது" என்றான். அவனை நான் மன்னிக்கவில்லை. நீயும் மன்னிக்கவேண்டும் என்று கேட்கமாட்டேன். டீ குடித்தது கவருக்காக.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா அந்தக் கவரோடு ஒரகடம் ஜங்ஷனில் நிற்பாள். கூடவே உனக்கு இட்லியும் கட்டிக்கொண்டு வருவாள், அதை நான் தடுக்கமுடியாது. எங்கள் கம்பெனி வேனும் அங்கேதான் வரும். எதிர்ப்பக்கம், ஐ.டி.ஐ.க்குப் போகத் தாம்பரம் பஸ்ஸும் அங்கேதான் நிற்கும். நீ எதில் ஏறினாலும் கவரை வாங்கிக்கொண்டு ஏறு. அம்மா உன்னை ஒன்றும் கேட்கமாட்டாள், சொல்லி வைத்திருக்கிறேன்.

எட்டரை மணிக்கு நான் பயிற்சி அறையில் குச்சியோடு நிற்பேன். படத்துக்குப் போவதற்கு முன்னால் வருகைப் பதிவு எடுக்கவேண்டும். உன் பெயரையும் கூப்பிடுவேன், மற்றவர்கள் பெயரைக் கூப்பிடுகிற அதே குரலில். பதில் வராவிட்டால் இன்னொரு முறை கூப்பிடமாட்டேன். அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

அப்பா